முக்கில் நின்ற ஆட்டோ

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிப்போகிற தொழிலில் பிள்ளைகளால் தொந்தரவு கொஞ்சம்தான். வழியனுப்ப வாசலுக்கு வருகிறவர்களால்தான் பெரும்பாடு. என்னைப்போல வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு அநியாயம் செய்தவர்களில் முதல் ஆள் பெருமாள்புரம் செல்வராணி. பிறகு வந்தவர்களை விட்டுவிட்டேன். அவரை விடவில்லை.

இடுப்பில் வந்த பையன்

செல்வராணியின் மகன் பிரவீன் அப்போது இரண்டாம் வகுப்பு. ஹாரன் அடித்ததும் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார். பை அவர் தோளில், தண்ணீர் பாட்டில் அவர் கழுத்தில். சீட்டில் உட்காரவைத்து, கடைசி இட்லித் துண்டை வாயில் திணித்துவிட்டுத்தான் நகர்வார். அவனிடம் பேர் கேட்டால் அவர் சொல்லுவார்.

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் மற்ற ஏழு பிள்ளைகளும் குதித்து ஓடிவிட்டார்கள். பிரவீன் மட்டும் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மணியும் அடித்துவிட்டது. இறங்குலே என்றேன். அவன் அழவில்லை, அடம் பிடிக்கவுமில்லை. விவரம் தெரியாதவனுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னான்: "தூக்குனாத்தான எறங்க முடியும், தாத்தா."

நாற்பது எட்டு

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வீட்டு வாசலில் நிறுத்துவதை விட்டேன். எந்தத் தெருவானாலும் முக்கில்தான் நிற்பேன். பிள்ளை தன் பையைத் தானே தூக்கி நடந்து வரவேண்டும். பெற்றவர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம். பிரவீன் வீடு முட்டுச்சந்தில். வேறு வண்டி வராது. வாசலிலிருந்து முக்குக்கு நாற்பது எட்டு வைத்தால் போதும். இதை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த மட்டுக்கு என் பேரில் தப்பு.

இரண்டு நாள் செல்வராணி முக்கு வரைக்கும் சுமந்து வந்தார். மூன்றாம் நாள் பையனே நடப்பேன் என்று இறங்கிவிட்டான். நாலாம் நாள் அவர் பாட்டில் எடுக்க உள்ளே போன நேரத்தில் சல்லிக்கல்லில் வழுக்கி விழுந்தான். முழங்காலில் தோல் போனது. நான் இறங்கவில்லை. அவன் வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு எழுந்து மண்ணைத் தட்டி, பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறினான். அதற்குள் அவர் ஓடி வந்துவிட்டார். தெருவில் ஆறு பேர் நின்றார்கள். நேற்றுவரை அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய் சொன்னது: "பிள்ள விழுந்து கெடக்கான், உக்காந்து வேடிக்க பாக்கீரு. ஒமக்குப் பிள்ளைங்க எதுக்கு, மணல் லாரி ஓட்டும்."

துபாயிலிருந்து வந்தவர்

மறுநாளிலிருந்து பிரவீன் என் ஆட்டோவுக்கு வரவில்லை. செல்வராணி மற்ற தாய்மாருக்கும் போன் போட்டார். ஒரே வாரத்தில் எட்டுப் பிள்ளை நாலாகிவிட்டது. இன்னும் ஒன்று குறைந்தால் டீசலுக்குக்கூடக் காணாது. காலை டிரிப்பையே விடவேண்டியதுதான்.

அந்த நேரம் மீதி நாலு பேரில் ஒருத்தியான மேலப்பாளையம் ஆயிஷாவின் வாப்பா துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். அவருக்கும் போன் போயிருந்தது. மறுநாள் மகளோடு முக்குக்கே வந்தார். வழியில் அவள் பையை வாங்கப் போனார், அவள் கொடுக்கவில்லை. அவளை ஏற்றிவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். இதுவும் போச்சு என்றுதான் போய் நின்றேன். அவர் மகளையே பார்த்துக்கொண்டு பைய, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடுத்த மாசம் நான் போயிருவேன். அப்பவும் இவ நடக்கணும்லா. நீங்க இங்கனயே நில்லுங்க அண்ணாச்சி."

மருந்துக்கடை

பிரவீனுக்கு வேன் வைத்தார்கள். வாசலுக்கே வரும், தூக்கி ஏற்ற ஒரு அக்காவும் உண்டு. ஐப்பசி மழையில் ஒருநாள் அந்த வேன் மெயின் ரோட்டுத் தண்ணீரில் நின்றுவிட்டது. அந்த அக்கா பிள்ளைகளைப் பக்கத்து மருந்துக்கடையில் ஏற்றி, வீடுவீடாகப் போன் செய்தார். செல்வராணிக்கு லைன் கிடைக்கவில்லை. பிரவீன் கடைக்காரரிடம் போய்த் தன் பேர், அப்பா பேர், தெருப் பேர் மூன்றையும் சொல்லியிருக்கிறான். அவர் குடை பிடித்து அவனை ரோட்டைத் தாண்டிக் கூட்டிவந்து, முக்கில் நின்று அவன் வாசலுக்குள் போகிறவரைக்கும் பார்த்திருக்கிறார். என்னிடம் அவர் சொன்னது: "வீடு வரைக்கும் வாரேன்லேன்னேன். வேண்டாம், முக்குல இருந்து நான் தனியா போவேன்னுட்டான் வே."

பந்தியில்

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். எனக்கு இரண்டு இலை தள்ளி செல்வராணி. பிரவீன் இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறானாம். பக்கத்துப் பெண்ணிடம், பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கக்கூடாது, அவனைச் சின்னதிலேயே தனியாக நடக்கப் பழக்கியது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார். இலையைப் பார்த்தார், பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்: "அண்ணாச்சி எலைக்கு இன்னுங் கொஞ்சம் பாயசம் விடுங்க."

பிள்ளையைத் தனியாக நடக்கவிட நாலு நாள் போதும், அவனைப் பெற்றவர் 'என் தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்வதற்குத்தான் மூன்று வருஷம் ஆகியும் காத்திருக்கிறேன்.