மாவுக்குள் இருப்பவர்கள்

நான்கரை வயதில் என் மகள் முகம் சுளிக்காமல் சாப்பிட்ட ஒரே உணவு இட்லி. சோறு கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். மீ என்னும் நூடுல்ஸ், முட்டை, ரொட்டி எதைக் கொண்டு போனாலும் தலை ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். இட்லி மட்டும் இரண்டு. சில நாள் இரண்டரை. நான் பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் படித்தவள். ஆனால் அன்றைய நாள் நல்ல நாளா இல்லையா என்பதை அந்த அரை இட்லிதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவளுக்கு எடை பார்ப்பார்கள். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதி அவளுடைய புத்தகத்தைத் திறந்து, அச்சடித்த எடை வளைகோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பார். நான் அந்தப் புள்ளியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பார்ப்பேன். போன முறை மிஸ்ஸி, "இட்லி சாப்புடுறா தானே? அத மட்டும் விட்டுடாதீங்க மா," என்றார். அடுத்த தேதி, பள்ளி விடுமுறை முடிந்த மறுநாள்.

விடுமுறைக்கு முன் பாலர் பள்ளி ஆசிரியை வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். வீட்டுச் சமையலறையில் பிள்ளைகளோடு செய்யக்கூடிய சின்னச் சின்ன சோதனைகள். மற்ற அம்மாக்களின் காணொளிகள் வர ஆரம்பித்ததும் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. வினிகரில் ஆப்பசோடா போட்டுப் பொங்கவிட்டோம். தட்டில் பால் ஊற்றி, வண்ணச் சொட்டுகள் விட்டு, பாத்திரம் கழுவும் சோப்பில் தொட்ட குச்சியை நடுவில் வைத்தோம். நிறங்கள் நாலா பக்கமும் ஓடின. அவள் கைதட்டினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்த படிப்புக்கு ஏற்ற மாதிரி நானாக ஒன்று செய்து காட்ட வேண்டும் என்று தோன்றியது.

காலையில் ஆட்டிய இட்லி மாவில் கொஞ்சம் எடுத்து, சர்க்கரையும் தண்ணீரும் கலந்து, இரண்டு மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றினேன். இரண்டின் வாயிலும் பலூன் மாட்டினேன். ஒன்றை ஜன்னலோரம் வெயில் படும்படி வைத்தேன். மற்றதைக் குளிர்பெட்டியில் வைத்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜன்னலோரப் பலூன், தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி கோணலாக நிமிர்ந்து நின்றது.

"யாரும்மா ஊதுனா?" என்று கேட்டாள்.

வாயு என்று சொல்லியிருக்கலாம். நுண்ணுயிர் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "மாவுக்குள்ள குட்டிக் குட்டி ஆளுங்க இருக்காங்க. கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. மாவச் சாப்புட்டுட்டு மூச்சு விடுறாங்க. அந்த மூச்சுதான் பலூன்ல இருக்கு."

அவள் போத்தலில் காதை வைத்துக் கேட்டாள். "ஹலோ," என்றாள். குளிர்பெட்டிப் பலூன் தொங்கிக் கிடந்ததைக் காட்டி, "இவங்க?" என்றாள். குளிரில் தூங்குகிறார்கள் என்றேன். உட்கார்ந்து ஒரு படம் வரைந்தாள். போத்தல் நிறைய முகங்கள், எல்லா முகத்திலும் சிரிப்பு. குழுவில் போட்டேன். இதயங்கள் வந்தன. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஏழு மணிக்கு இட்லித் தட்டில் மாவு ஊற்றினேன். அவள் முக்காலியில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"இட்லி."

"அவங்க உள்ள இருக்காங்களே!"

பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவள் பானையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "சூடும்மா! அவங்களுக்குச் சூடு! செத்துடுவாங்களா?"

மூடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அதற்கு முந்தின வருடம் ஊசி போடும்போது "வலிக்காது" என்று சொல்லியிருந்தேன். அதன் பிறகு ஒரு வாரம், நான் தண்ணீர் கொடுத்தால்கூட மோந்து பார்த்துத்தான் குடித்தாள். இனி அவளிடம் பொய் சொல்வதில்லை என்பது அன்றைக்கு எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி.

"ஆமா மா," என்றேன்.

அந்த இட்லிகள் தட்டிலேயே ஆறின. துறைமுகக் கிடங்கில் வேலை முடிந்து வந்த என் கணவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல், "நாலு வருஷம் யூனிவர்சிட்டில படிச்சி, புள்ள சாப்புடுற ஒரே இட்லிக்கும் வேட்டு வச்சிட்டியே மா," என்றார். நானும் சிரித்தேன். மறுநாளும் அவள் தொடவில்லை. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எதை வைத்தாலும் முதலில் விசாரணை. "இதுல இருக்காங்களா?" தோசை என்றால் கேட்கவே வேண்டாம், அதே மாவு. ரொட்டியை நீட்டினேன். "இதுல?" ரொட்டி மாவிலும் ஈஸ்ட் என்று அதே மாதிரி ஆட்கள்தான்; நீட்டிய துண்டை நான் தட்டில் திருப்பி வைத்ததே அவளுக்குப் பதிலாகிவிட்டது.

"ரொட்டியிலயுமா?" என்றார் கணவர். "இன்னும் என்னதான் மிச்சம் வச்சிருக்க? பச்சத்தண்ணியாவது குடிக்கலாமா?"

தயிர்சாதத்தைப் பற்றி மட்டும் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவள் வயிற்றுக்குள் போனது, முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கிய மூன்று நான்கு கரண்டித் தயிர்சாதம்தான். அதில் அவர்கள் உயிரோடேயே இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டே ஊட்டிக்கொண்டிருந்தேன். கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா என்று ஒவ்வொரு வாய்க்கும் யோசித்தேன்.

நான்காம் நாள் கணவர் அவளை மடியில் வைத்துக்கொண்டார். "பாப்பா, அப்பா ஒன்னு சொல்லட்டா? பானை சூடாகறதுக்கு முன்னாடியே அவங்க எல்லாரும் எறங்கிடுவாங்க. கொமுட்டர் ரயில்ல கிள்ளான் ஸ்டேஷன் வந்ததும் எல்லாரும் தபதபன்னு எறங்குவாங்களே, அந்த மாதிரி."

அவள் அவரை நம்புவதற்கு முன் என் பக்கம் திரும்பினாள். "நெஜமாம்மா?"

அவள் தலைக்குப் பின்னால் அவர் புருவத்தை உயர்த்தி, ஆமாம் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சினார். கிளினிக்குக்கு ஆறு நாள் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அன்றைக்கே இரண்டு இட்லி உள்ளே போயிருக்கும்.

"இல்ல மா. அப்பா சும்மா சொல்றாரு."

"சரி லா. நீயே பாத்துக்க," என்று அவர் எழுந்து வெளியே போனார். நான் சுத்தமாக இருந்த இட்லிப் பானையை இன்னொரு முறை தேய்த்தேன். செய்தது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. என் நேர்மைக்கு அவள் பட்டினி கிடக்க வேண்டுமா?

அவள் பின்னாலேயே வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாரும் செத்துட்டா, நாளைக்கு மாவுல யாரு மூச்சு விடுவா?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. குளிர்பெட்டியைத் திறந்தேன். பலூன் தொங்கிய அந்தப் போத்தல் இன்னும் அங்கேதான் இருந்தது. "இவங்க தூங்கிக்கிட்டுத்தான் இருக்காங்க. எழுப்பிப் பாக்கலாமா?"

மறுநாள் காலை புதிதாக மாவு ஆட்டினோம். மறுபடியும் இரண்டு போத்தல். ஒன்றில் புது மாவு மட்டும். மற்றதில் புது மாவோடு, குளிர்பெட்டியில் தூங்கியவர்களில் ஒரு கரண்டி. கரண்டியை அவள்தான் ஊற்றினாள், இரண்டு கையாலும் பிடித்து. மத்தியானம் பார்த்தபோது ஒரு கரண்டி சேர்த்த போத்தலில் பலூன் எழுந்து நின்றது. மற்றது அப்போதுதான் லேசாக அசையத் தொடங்கியிருந்தது.

"ஒரு கரண்டிதானே போட்டோம்? எப்படி இவ்ளோ பேரு?"

"ஒருத்தர் ரெண்டு பேரா ஆவாங்க. அந்த ரெண்டு பேரு நாலு பேரா ஆவாங்க. சாப்பாடு இருக்குற வரைக்கும் ஆகிக்கிட்டே இருப்பாங்க."

அவள் போய் வரைய உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் எனக்கும் கணவருக்கும் மட்டும்தான் என்று இட்லித் தட்டை எடுத்தேன். முக்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இருங்க," என்றாள்.

கழுவி வைத்திருந்த ஜாம் போத்தலை எடுத்து வந்து, மாவில் ஒரு கரண்டி மொண்டு அதில் ஊற்றி, மூடியைத் திருகிக் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னாள். "இவங்க வீட்டுல இருக்கட்டும். நாளைக்குப் புது மாவுல ஊத்துனா இவங்க நெறைய பேர் ஆயிடுவாங்க." பிறகு மாவுப் பாத்திரத்துக்குள் குனிந்து, "பை பை," என்றாள். இதைச் சொல்லிக்கொடுக்க நான் நினைத்ததே இல்லை.

ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த கணவர், பயந்து பயந்து, சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். மறுநாள் குளிர்பெட்டியைத் திறந்தவர், "இது யாரு வீடு லா?" என்று கேட்டுவிட்டு, ஜாம் போத்தலைத் தொடாமல் அதற்குப் பின்னாலிருந்த மிளகாய் சாஸை எடுத்தார்.

கிளினிக்கில் எடைமேடையில் அவளை நிறுத்தியபோது நான் எண்ணைப் பார்க்கவில்லை. மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்தேன். அவர் புத்தகத்தில் புள்ளி வைத்தார். இன்னும் கோட்டுக்குக் கீழேதான். ஆனால் போன புள்ளியைவிட ஒரு கட்டம் மேலே.

"கெட்டிக்காரி. இட்லி சாப்புடுறியா?"

"சாப்புடுறேன். ஆனா எல்லாரையும் சாப்புட மாட்டேன்."

மிஸ்ஸியின் பேனா நின்றது. "யார?"

"அம்மாகிட்ட கேளுங்க. அம்மா பொய் சொல்லமாட்டாங்க."

மிஸ்ஸி கேட்டால் பதில் சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் மடியிலிருந்த பைக்குள், அவளுக்காகக் கொண்டுவந்த தயிர்சாத டப்பா கனத்தது. வீட்டுக்கு நடக்கும்போது அதற்குள் இருப்பவர்களைப் பற்றியும் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். புத்தகத்தைத் திறந்து அந்தப் புள்ளியை மறுபடி பார்த்தேன். இன்னும் ஒரு கட்டம் ஏறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மூடி வைத்தேன்.