எங்கள் பள்ளியில் கிணறு இல்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று இருபது. உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது டிவி. முப்பது வயதைத் தாண்டிய ஒரு நடிகர் மீசையை மழித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் நீலக் கால்சட்டையுமாக, வகுப்புக்கு வெளியே முட்டி போட்டுக்கொண்டிருந்தார். எதிரே கட்டிலில், இரண்டு தலையணைகளில் சாய்ந்து, என் நண்பன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் மீசை இல்லை. பக்கவாதம் வந்த பிறகு, வீட்டுக்கு வந்து சவரம் செய்கிறவர் தன் வசதிக்காக எடுத்துவிட்டிருந்தார்.

நாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவர்கள். பிறகு அவன் திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டரானான். நான் பத்திரிகையில் சேர்ந்தேன். நிருபர்கள் அனுப்பும் செய்திகளில் ஆதாரமில்லாத வரிகளை அடிப்பதுதான் பெரும்பாலும் என் வேலை. பங்குனி மாதம் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்தான். கையும் காலும் கொஞ்சம் தேறின. பேச்சு தேறவில்லை. ‘ம்’, ‘வேணாம்’ இரண்டு மட்டும் மிஞ்சின.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், பழைய விஷயங்களை அவர் காதில் போட்டுக்கொண்டே இருங்கள் என்று அவன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். என்ன பழைய விஷயம் என்று மனைவிக்குத் தெரியவில்லை. ஒருநாள் டிவியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடப் படம் ஒன்று வந்ததும் அவன் இடது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னானாம். அன்றே எனக்கு போன் செய்தார். எங்கள் வகுப்பில் படித்து, இப்போது பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவனுக்கும் செய்தார். ஞாயிறுதோறும் வந்து அவரோடு உட்கார்ந்து படம் பாருங்கள், கூடப் படித்ததைப் பேசுங்கள் என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. வாரத்தில் எனக்கு இருக்கும் ஒரே விடுமுறை அது. மறுக்க முடியாமல்தான் ஒப்புக்கொண்டேன்.

இப்படியாக நான்கைந்து ஞாயிறுகளில் நான்கைந்து படங்கள் பார்த்தோம். எல்லாம் ஒரே படம் மாதிரிதான் இருந்தன. ஒரு பழைய மாணவன் காரில் ஊருக்கு வருவான். பூட்டிய வகுப்பறையின் ஜன்னல் வழியே பார்ப்பான். உடனே கதை பின்னோக்கிப் போய்விடும். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் இருப்பாள். அவள் பேசுகிற அன்று மழை பெய்யும். ஒரு குண்டுப் பையன், ஒரு படிப்பாளி, காட்டிக்கொடுக்கிறவன் ஒருவன், பிரம்போடு ஒரு வாத்தியார். அந்த வாத்தியார் கடைசியில் அழுவார்.

நாங்கள் படித்தது ஆண்கள் பள்ளி. மழை பெய்தால் ஓடு ஒழுகும், அடுத்த அறைக்கு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போவோம். பிரம்படிக்கு யாரும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. எந்த வாத்தியாரும் அழுததும் இல்லை. இதெல்லாம் தெரிந்தும் ஒவ்வொரு வாரமும் இரண்டு இடங்களிலாவது எனக்குச் சிரிப்பு வந்தது, ஓர் இடத்தில் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். படத்தில் வகுப்பிலுள்ள ஒவ்வொருவனும் ஏதோ ஒன்றாக இருக்கிறான். கோமாளியாகவோ காதலனாகவோ துரோகியாகவோ. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் எதுவாகவும் இருக்கவில்லை. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பெயர் கூப்பிட்டால் எழுந்தார்கள், போனார்கள். இந்தப் படங்கள் அவர்களுக்கெல்லாம் தாமதமாக ஒரு வேடம் கொடுக்கின்றன. காசு கொடுத்துப் பார்க்க அது போதும்.

பூக்கடைக்காரன் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். படம் ஓடும்போதே வேடங்களைப் பங்கு வைப்பான். துரோகி வேடம் எனக்கு வந்தது. பத்திரிகைக்காரனாகப் போனதே அதற்கு அத்தாட்சி என்றான். முட்டி போட்ட நடிகரின் படம் ஓடிய அந்த ஞாயிறன்று, டிவியில் விளம்பரம் வந்த நேரத்தில், நண்பனின் தொடையைத் தட்டினான்.

“ஏலே, பரீச்சையன்னைக்கு மணியக் கழட்டிக் கெணத்துல போட்டியே, ஞாபகம் இருக்கா? ஹெச்.எம். வெளிய நின்னுக்கிட்டு வாயாலேயே டிங் டிங்னு அடிச்சாரே.”

டிங் டிங் என்று அவனே செய்தும் காட்டினான். நண்பன் சிரித்தான். வாயின் இடது பக்கம் மட்டும் விரிந்தது, சத்தம் வந்தது, தோள் குலுங்கியது. சுண்டல் தட்டோடு வந்த மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். விழுந்த பிறகு அவன் சிரித்து அவர் பார்த்ததில்லை. பூக்கடைக்காரன் உற்சாகமாகி, மணி விழுந்த சத்தம், அதை எடுக்க இறங்கிய வாட்ச்மேன், வாளியில் மணிக்குப் பதிலாக வந்த தவளை என்று விரித்துக்கொண்டே போனான். தவளை வந்ததும், இது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. வத்தலக்குண்டில் ஒரு தியேட்டரில் நானும் பூக்கடைக்காரனும் சேர்ந்து பார்த்த படத்தின் காட்சி அது. அவன் பொய் சொல்லவில்லை. நடந்தது என்றே நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் பள்ளியில் மணி கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். கிணறும் கிடையாது.

ஆனால் நண்பன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பூக்கடைக்காரன் முன்னதாகவே கிளம்பிவிட்டான். நான் செருப்பு மாட்டும்போது நண்பனின் மனைவி பின்னாலேயே வந்து, கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

“அண்ணே, செத்த நேரம் நில்லுங்க. அந்த மணி சமாச்சாரம் நெசந்தானா? இவரு அம்புட்டுச் சேட்டை பண்ணுனவரா?”

நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்ததை அவர் ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவன் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை என்றார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் வெஞ்சனம் நன்றாக இருந்தாலும் ‘ம்’, இல்லாவிட்டாலும் ‘ம்’. மகள் பிறந்ததை மில்லில் போய்ச் சொன்னவர்களிடமும் அதேதான். மில் சத்தத்திலேயே கிடந்த மனுஷன், அங்கே கத்தினாலும் கேட்காது, அதனால் பேச்சு விட்டுப்போயிருக்கும் என்று இத்தனை வருடமும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாராம். சொல்லும்போது கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“அம்புட்டுச் சேட்டை பண்ணுனவரு மில்லுக்குப் போயி இப்படி ஆனாருன்னா சரிண்ணே. எங்கிட்ட வந்து இப்படி ஆயிருந்தாருன்னா?”

இத்தனை வருடங்களில் எத்தனையோ வரிகளை அடித்திருக்கிறேன். அதில் யாருக்கு என்ன போயிற்று என்று நின்று பார்த்ததில்லை. இங்கே ஒருவர் எதிரிலேயே நின்றிருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கும். ஆனால் வாசற்படியில் நின்று சற்று முன்பு அவர் பார்த்த அந்தச் சேட்டைக்காரப் பையன் இல்லாமல் போவான்.

“இல்லம்மா. அது சினிமால வந்தது. எங்க ஸ்கூல்ல கெணறே கெடயாது.”

“அப்ப இவரு?”

“இப்படித்தான் இருந்தான். மூணாவது பெஞ்சு, செவுத்தோரம். சேவுகம்பட்டியிலருந்து பஸ்ல வருவான். கேட்டா பதில் சொல்லுவான். கேக்காட்டி இல்ல.”

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்பச் சரி,” என்றார். சந்தோஷம் என்று அந்த முகத்தைச் சொல்ல முடியாது. இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் ஒன்றைக் கீழே வைத்த மாதிரி இருந்தது. பிறகு, பூக்கடை அண்ணனிடம் இதைச் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பொய்யாகவே இருக்கட்டும், மனுஷன் சிரித்தாரே என்றார். நான் தலையாட்டினேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிப்போய், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வேறொரு படம். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பூக்கடைக்காரன் மணியை எடுத்துவிட்டான். இந்த முறை கிணறு இன்னும் ஆழமாகியிருந்தது. ஹெச்.எம். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். நண்பனின் மனைவியும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முதல் முறை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில், வாட்ச்மேனைக் கயிறு கட்டி இறக்கினார்களா என்று ஒரு கேள்விகூடக் கேட்டார்.

நண்பன் சிரிக்கவில்லை. இடது கையை மெல்லத் தூக்கினான். உதடு இரண்டு மூன்று முறை கூடிக் கூடிப் பிரிந்தது.

“நா... இல்ல.”

விழுந்த பிறகு இரண்டு சொல் சேர்ந்து வந்தது அதுதான் முதல் முறை. பூக்கடைக்காரன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

“பாத்தியா மாப்ள. ஹெச்.எம். கேட்டப்பவும் இதையேதான் சொன்னான்.”

நண்பன் அவன் பக்கம் திரும்பவில்லை. மனைவியைப் பார்த்தே மறுபடி சொன்னான்.

“நா இல்ல.”

அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை நிறுத்திவிட்டு, கட்டிலில் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். படத்தில் இன்னும் இடைவேளைகூட வந்திருக்கவில்லை.