மேனேஜருக்கு வீடு பார்த்த மாஸ்டர்

"சார், கொஞ்சம் குளிச்சுக்கட்டுமா?"

தினமும் காலையில் இடுப்பில் துண்டோடு நின்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இப்படித்தான் அனுமதி கேட்கிறார். குளியல் தொட்டிக்குள், விளக்குச் சூட்டில், செங்கல் மேல் கிடக்கும் ஆமை கழுத்தை நீட்டி அவரை ஏற இறங்கப் பார்க்கிறது. பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் வாளியை வைத்து, உடம்பைக் குறுக்கிக்கொண்டு மாஸ்டர் குளிக்கிறார். "தொட்டி வச்ச வீடுதான் வேணும்னு அடம்பிடிச்சு வந்தேன். தொட்டி அவருக்கு, வாடகை எனக்கு" என்பார்.

ஆமையின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாது; முறைக்கும்; சாப்பாடு தாமதமானால் தொட்டியை இடிக்கும். ஊர் மாறிப் போன மாணவன் ஒருவன், "ரெண்டு நாள் பாத்துக்கங்க மாஸ்டர்" என்று டப்பாவில் போட்டுக் கொடுத்தபோது பிஸ்கட் அளவு இருந்தது. அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. ஆமை இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. சேதி பரவி, ஆசைக்கு வாங்கி அலுத்துப்போனவர்கள் எல்லாம் வாளியும் கையுமாக வர ஆரம்பித்தார்கள். ஓடு மெத்தென்று ஆனவை, கண் வீங்கியவை என்று எது வந்தாலும் தேற்றி, நல்ல இடம் பார்த்து அனுப்பிவிடுவார். மேனேஜர் மட்டும் அசையவில்லை.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்களே" என்று எதிர்வீட்டுக்காரர் இழுத்தால், "அது எங்க புகுந்துச்சு? நானில்ல தூக்கிட்டு வந்தேன்! நான் உருப்படாததுக்கு அது என்ன பண்ணும்?" என்பார். குளத்தில் விட்டுவிடச் சொன்னால் மட்டும் சிரிப்பு போய்விடும். "இது வெளிநாட்டு ஜாதி; அங்க இருக்கற மீனு, தவளை எல்லாத்தையும் காலி பண்ணிடும்ங்க. நாம வாங்கின வம்பை குளத்துக்குக் குடுக்கறதா?" ஓடு தேய்ப்பதற்கென்று ஒரு பழைய டூத் பிரஷ் வைத்திருக்கிறார். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் அது தன் பிரஷ்ஷோடு மாறிப்போனதையும் அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். மனைவி ஒரு வாரம் பக்கத்தில் வரவில்லையாம்.

மாஸ்டரின் வலது கால் தனிப்பிறவி. பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்துப் பழகி, மனசு பதறினால் எங்கிருந்தாலும் கால் தானாகத் தரையை அழுத்தும். மனைவி கொதிக்கிற பாத்திரத்தை இறக்கினால் அழுத்தும். டிவியில் லாரி வேகமாக வந்தால் அழுத்தும். "கல்யாணத்தன்னிக்கு மட்டும் ஏன் மிதிக்கலைன்னு தெரியலை" என்று மனைவி எதிரிலேயே சொல்வார்.

"மிதிச்சீங்க. பிரேக் பிடிக்கலை" என்பார் அந்த அம்மாள்.

மேனேஜரைக் கேட்டு வந்தவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் மாஸ்டர் அவர்கள் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்து, தெருவை ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்வார். கண்ணாடி பார்க்காதவர் ஃபெயில். ஒற்றைக் கையில் ஓட்டியவர் ஃபெயில். "வேகத்தடையை மதிக்காதவன் ஆமையை எங்கங்க மதிப்பான்?" என்று திருப்பி அனுப்புவார். மனைவி தலையில் அடித்துக்கொள்வார். "நீங்க ஆமைக்கு வீடு தேடறீங்களா, பஸ்ஸுக்கு டிரைவர் தேடறீங்களா?"

போன மாதம் அந்த அம்மாள் வாளிக்கும் தொட்டிக்கும் இடையில் வழுக்கி விழுந்தார். முழங்காலில் அறுவை சிகிச்சை. தொட்டிக்குள் பலகை போட்டு, உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி சண்டை போட்டிருந்தால் மாஸ்டர் தாங்கியிருப்பார். "பாவம், அது அங்கயே இருக்கட்டும். நான் பக்கத்து வீட்டுல குளிச்சுக்கறேன்" என்றார். மாஸ்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டினவளை ஆமைக்காக ஊரான் வீட்டுக்குக் குளிக்க அனுப்புகிற ஆம்பளை உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று நொந்துகொண்டு, அன்றே மேனேஜருக்கு வேறு இடம் விசாரிக்கக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை செடிப் பண்ணைக்காரப் பெண் வந்தார். மாஸ்டரிடமே கற்று, மூன்று முறை லைசென்ஸ் டெஸ்டில் தோற்று, நாலாம் முறை தேறியவர். பண்ணையில் வேலி போட்ட குட்டை, வெயில் காயப் படிக்கல், உள்ளே இரண்டு ஆமைகள் எல்லாம் உண்டு. குறை கண்டுபிடிக்க மாஸ்டருக்கு மிஞ்சியது காரோட்டம் ஒன்றுதான். ஏறி உட்கார்ந்தார். அந்தப் பெண் கண்ணாடி பார்த்தார், சிக்னல் போட்டார், வேகத்தடையில் முட்டை ஏற்றிய வண்டி மாதிரி ஏறி இறங்கினார்.

"எப்படி மாஸ்டர்?"

"கெடுத்துட்டேன்மா. நல்லா சொல்லிக்குடுத்து நானே கெடுத்துட்டேன்."

ஈரத்துண்டு விரித்த பெட்டியில் மேனேஜரை வைத்து, பின் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டினார். "காலையில விளக்கு போட்டாதான் சாப்பிடும். முறைச்சா பயந்துடாதே, சுபாவம் அப்படி" என்றார். வாசலில் மனைவி கைத்தடியோடு வந்து நின்றார்.

கார் குலுங்காமல் கிளம்பியது. "பாத்தியா, கிளட்ச்சை எப்படி விடுறா! என் டிரெய்னிங்" என்று மாஸ்டர் சிரித்தார். "விட்டுது சனி. இனிமே மனுஷன் மாதிரி குளிக்கலாம்."

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தார். மாஸ்டரின் வலது கால் செருப்போடு மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது. கார் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் மாஸ்டர் அதை எடுக்கவில்லை.