தறி நின்ற நாட்கள்

என் மனைவிக்கு நான் ஆசையாகச் செய்து கொடுத்த ஒரே பொருள் ஒரு தலையணை. தறியில் அறுந்து விழும் பட்டு இழைகளில், எதற்கும் ஆகாத துண்டுகளை இரண்டு வருடம் பையில் சேர்த்தேன். உறை தைத்து அதற்குள் திணித்தேன். ஊரார் கட்டும் பட்டுப்புடவைக்கெல்லாம் உழைக்கிறவள் தலையையாவது பட்டில் வைக்கட்டுமே என்று ஒரு எண்ணம். அவள் பூரித்துப்போய்த் தெரு முழுக்கக் காட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழையோடு அவளுக்கு வீசிங் தொடங்கியது. படுக்க முடியாது, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிப்பாள். நான் அந்தப் பட்டுத் தலையணையையே முதுகுக்கு முட்டுக் கொடுப்பேன். சளிக்கு நல்லதென்று சாம்பிராணியும் போடுவேன். காற்றடித்தால் இழை அறுமென்று எங்கள் வீட்டுச் சன்னல்களை எப்போதும் சாத்தியே வைத்திருப்போம். புகை எங்கே போகும்? இவ்வளவு செய்தும் இவளுக்கு ஏன் குறையவில்லை என்று அலுத்துக்கொண்டேன்.

எங்கள் நெசவு கோர்வை. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் உடலுக்கும் இடது கரைக்கும் ஊடு இழை ஓட்டும் நாடாவை எறிவேன், வலது கரைக்கு அவள். அவள் படுத்தால் தறியும் படுத்தது. தறிக்குப் பாவு நூல் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஒரு லேடி டாக்டர் இன்ஹேலர் எழுதிவிட்டு, வீட்டுக்குள் என்னென்ன இருக்கிறதென்று கேட்டார். விறகடுப்பு, கொசுவத்தி, சாம்பிராணி என்று சொல்லிக்கொண்டே வந்து, தலையணையைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். முதலில் வெளியே போக வேண்டியது அந்தத் தலையணைதான், பட்டுத் தூசி முழுக்க அவள் மூக்குக்குள் போகிறது என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. விறகடுப்பை விட்டுவிட்டு கேஸ் வாங்கு, சன்னலைத் திற என்று அவர் சொன்ன மற்றதெல்லாம் என் காதில் சரியாக விழக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்தபின் கோபம் இறங்கியது, பயம் ஏறியது. ஆனால் கேஸ் அடுப்பெல்லாம் வீண் செலவென்று மறுத்தவள் அவள்தான். அவளை மடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழியை எடுத்தேன். காலண்டரைக் கழற்றி வந்து, தறி நின்ற நாட்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினேன்.

“ஆறு மாசத்துல இருபத்தேழு நாள் தறி நின்னுக்கினு இருந்திருக்குதும்மா. ரெண்டு புடவை போச்சு. கேஸு அதுல பாதி கூட ஆகாது.”

அவள் காலண்டரை வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, சரி வாங்குங்க என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுப்பு வந்தது, சன்னல்கள் திறந்தன. இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொண்டோம். தலையணையை நானே தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அன்று இரவு அவள் வெறும் பாயில் தலை வைத்துப் படுத்தாள். ஆனால் ஆடி, ஆவணி இரண்டு மாதமும் தறி ஒரு நாள் கூட நிற்கவில்லை. செலவழித்ததைத் தறி திருப்பிக் கொடுத்துவிட்டதென்று டீக்கடையில் மார்தட்டிக்கொண்டேன். வீட்டிலும் அதே பேச்சுத்தான்.

புரட்டாசியில் ஒரு காலை, வலது கரை சேரும் இடத்தில் நெசவு தளர்ந்து வந்தது. திட்டுவதற்காகத் திரும்பினேன். அவள் உதடு கறுத்திருந்தது. தோள்பட்டை ஏறி ஏறி இறங்க, அரை அரை மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் நாடாவை விடவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டேன். நேற்றிலிருந்து என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன்.

“சொன்னா தறி நிக்கும். நீங்க திரும்ப எண்ணிக்கினு உக்காருவீங்க.”

அவள் மூச்சுக்காக நான் எண்ணிய நாட்களை, அவள் தன்மேல் நான் சுமத்திய குற்றமாகக் கேட்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

டாக்டர் வைத்த மருந்துப் புகையில் ஒரு மணி நேரத்தில் இழுப்பு இறங்கியது. பருவம் மாறும்போது இப்படி வரும், வந்தவுடன் சொல்ல வேண்டும் என்றார். மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு நேராகத் தறிக்குப் போனாள். நான் பாவின்மேல் துணியைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“எனக்குத்தான் நல்லாயிடுச்சே, ஏன் சும்மா உக்காந்துக்கினு இருக்கீங்க?” என்றாள்.

“எனக்கு இன்னும் நல்லாகலம்மா” என்றேன்.