அம்மா தட்டில் விழுந்த அன்னாசி

பச்சைத் தோல் ஊறுகிற தொட்டியின் நாற்றம் எப்படி இருக்கும் என்று கேட்டால், செத்த எலியை ஈரச் சாக்கில் சுற்றி வெயிலில் போட்டு, அதன் மேல் சுண்ணாம்பையும் கொட்டியது போல இருக்கும் என்றுதான் சொல்வேன். நான் சிறுவனாக இருந்தபோது கொல்கத்தாவில் டாங்ரா என்கிற பகுதியில் தோல் பதனிடும் கூடங்களும் சீனர்களின் சாப்பாட்டுக் கடைகளும் ஒரே சந்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தச் சந்தைத் தாண்டி, கதவைத் தள்ளித் திறந்து, நண்டு வறுக்கும் புகைக்குள் நுழைவதைத்தான் அப்பாவின் ஆபீஸ்காரர்கள் "பெரிய விருந்து" என்று கொண்டாடினார்கள். பிள்ளைகளே, அப்படி ஒரு விருந்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். சாப்பிட்ட கையோடு இதைப் படிக்காதீர்கள்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள், மீன் எங்களுக்குப் புதிதல்ல. அப்பாவின் வேலைக்காகக் கொல்கத்தாவுக்கு வந்து, கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில் இருந்தபோதும் ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டில் புளிக்குழம்பில் மீன் கொதிக்கும். ஆனால் அந்தச் சமயத்தில் அம்மாவுக்கு மீன் என்ற பேச்சே ஆகவில்லை. என் தங்கை அம்மாவின் வயிற்றில் இருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போய், தெரிந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து "ஐயோ பாவம்" சொன்னதில் அம்மா நொந்துபோயிருந்தாள். அதனால் இந்த முறை வயிறு வெளியே தெரிகிறவரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று அம்மாவும் அப்பாவும் பேசிவைத்திருந்தார்கள். எனக்கே இதை அம்மா பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள்.

அப்பாவின் செக்‌ஷனுக்குத் தலைவர் தாஸ்பாபு. அவர் ஓய்வு பெறுகிறார் என்று எல்லாரையும் குடும்பத்தோடு டாங்ராவுக்குக் கூப்பிட்டிருந்தார்.

"அந்த நாத்தத்துல என்னால உக்கார முடியாதுங்க" என்றாள் அம்மா.

"வரலேன்னா ஏன் வரலேன்னு குடைவாவ. வந்து ரெண்டு பருக்கையக் கொறிச்சிட்டு எந்திரிச்சிரு" என்றார் அப்பா.

ஞாயிறு மத்தியானம், உள்ளே கால் வைக்க இடமில்லை. அந்தக் கடையில் காத்திருப்பவர்கள் வெளியே நிற்கமாட்டார்கள். யார் சீக்கிரம் எழுந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, அவர்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டு, நாம் விழுங்குகிற ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் பிடரியில் யாரோ ஒருவருடைய வெற்றிலை மூச்சு சுடச்சுட விழுந்துகொண்டே இருந்தது. சுவரோரத் தொட்டியில், கழுநீர் மாதிரி கலங்கிய தண்ணீரில், ஒரு மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. பரிமாறுகிறவர் முந்தின கூட்டம் விட்டுப்போன முட்களை ஒரு துணியால் தரையில் தள்ளினார். பிறகு அதே துணியால் எங்கள் தட்டுகளைத் துடைத்து வைத்தார்.

அப்புறம் தின்கிற சத்தம். நண்டுக் காலைக் கடித்து உடைத்து, உள்ளே இருப்பதை "சொர்" என்று உறிஞ்சி, ஓடுகளை மேஜை விரிப்பிலேயே துப்பினார்கள். விருந்தில் பாதிகூட முடியவில்லை, அதற்குள் மேஜை நடுவில் முள்ளும் ஓடும் எலும்புமாக ஒரு குப்பைமேடு எழும்பிவிட்டது. தாஸ்பாபுவின் மனைவியை நான் "ஜேட்டிமா" என்பேன், வங்காளியில் பெரியம்மா முறை. அவர்தான் எல்லாரையும்விட ஆசையாக உறிஞ்சினார். முழங்கை வரை மசாலா வழிந்தது.

கடைசியில் இனிப்பும் புளிப்புமாக மீன் வந்தது. சிவப்பாக, சளி மாதிரி கொழகொழத்த குழம்பு, அதில் மீன் துண்டுகளோடு அன்னாசித் துண்டுகளும் மிதந்தன. வயிற்றுப் பிள்ளைக்காரி அன்னாசி தின்னக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் பயம். அது சரியோ தவறோ, இரண்டை இழந்த அம்மா அதைப் பரீட்சை செய்து பார்ப்பாளா? வேண்டாம் என்று சொன்னால் வங்காளிப் பெண்களுக்கு உடனே விளங்கிவிடும், அவர்களுக்கும் அதே பயம் உண்டு. அம்மா மீனைப் புரட்டுவது போல அன்னாசியை ஒவ்வொன்றாக என் தட்டுக்குத் தள்ளினாள்.

"மீன் நாறுதும்மா இது."

"பேசாமத் தின்னுல."

தின்றேன். மீன் வாடையடித்த இனிப்புப் பழம் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மூன்றாவது துண்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது பார்த்துத் தாஸ்பாபு எழுந்து வந்தார். அம்மாவை அவர் மருமகள் முறை வைத்து "பௌமா" என்பார். "என்ன பௌமா, எல்லாத்தையும் பையனுக்கே குடுக்கறே? நான் போடறதை நீதான் சாப்பிடணும். இன்னிக்கு என் விருந்து!" என்று சொல்லி, கரண்டி நிறைய அன்னாசியாகவே பொறுக்கி அம்மா தட்டில் போட்டார். போட்டவர் நகரவில்லை. மேஜையே அம்மாவைப் பார்த்தது. அப்பா தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு துண்டை எடுத்து உதடுவரை கொண்டுபோனாள்.

அந்த நொடியில்தான் ஜேட்டிமா, நண்டு உறிஞ்சி நக்கிய அதே கையை நீட்டி, அம்மா தட்டுக்குள் விட்டு அன்னாசியை அள்ளினார். "எனக்கு அன்னாசின்னா உயிருன்னு தெரியாதா உங்களுக்கு? கட்டின பெண்டாட்டிக்கு ஒரு துண்டு போட்டீங்களா?" என்று புருஷனை விரட்டிக்கொண்டே, அம்மா விரலில் இருந்ததையும் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டில் எச்சில் என்றால் பெரிய விஷயம். என் தட்டில் அம்மாகூடக் கை நனைக்கமாட்டாள். நக்கின கை அம்மாவின் தட்டில் துழாவியதையும், அந்த வாய் மெல்லுவதையும், சிவப்புச் சாறு மோவாயில் வழிவதையும் பார்த்தேன். அவ்வளவுதான், தின்ற அத்தனையையும் அந்தக் குப்பைமேட்டின் மேலேயே கக்கிவிட்டேன். பிடரிக்குப் பின்னால் நின்றவர் துள்ளிப் பின்னால் போனார்.

விருந்து அதோடு முடிந்தது. கை கழுவும் இடத்தில் என் சட்டையை அலசிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் ஜேட்டிமா வந்து நின்றார். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார், மெதுவாக. அம்மா ஈரச் சட்டையைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை அவர் இன்னும் கழுவியிருக்கவில்லை. ஜேட்டிமா சொன்ன சொல் தவறவில்லை, தாஸ்பாபுவுக்கே விஷயம் கடைசியாகத்தான் தெரிந்ததாம். தங்கை நல்லபடியாகப் பிறந்தாள்.

போன மாதம் பிள்ளைகள் கேட்டார்களே என்று டாங்ராவுக்குப் போனேன். தோல் கூடங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். காத்திருப்பவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார்கள். ஜேட்டிமா கொல்கத்தாவுக்கு அருகே சாந்த்ராகாச்சியில் மகன் வீட்டிலேயே காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அன்று கண்ட கூத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் புரட்டத்தான் செய்கிறது, நல்லதாகிவிட்டதாக நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது மேஜையில் ஒரு முள் கிடையாது, விரிப்பில் ஒரு கறை கிடையாது. பக்கத்து மேஜையில் ஒரு பெண் சாப்பாட்டைத் தொடாமல் கலங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டுப் பக்கம் ஒரு கையும் நீளவில்லை, அவளோடு வந்தவர்கள் அவரவர் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போனார்கள்.