அம்மா தலையில் ஏறிய என் பால்குடம்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன். சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு வருடங்களுக்கு முன் என் மகள் கவிதாவுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. மலாக்காவில் மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள், ரத்த அணுக்கள் ரொம்பக் குறைந்துவிட்டன, எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். என் மனைவி சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் கீழே போய், மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன். எங்கள் தோட்டத்து மாரியம்மனை நினைத்தேன். "தாயே, பிள்ளைய எழுப்பிக் குடு. மூணு வருசம் உனக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டினேன். மறுநாள் சாயங்காலம் கவிதா எழுந்து கஞ்சி கேட்டாள். அணுக்களும் ஏறத் தொடங்கின. அம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள்.

நான்தான் கொடுக்கவில்லை.

ஆடித் திருவிழா நெருங்க நெருங்க எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. சட்டை இல்லாமல், மஞ்சள் வேட்டி கட்டி, தலையில் குடத்தோடு கடைத்தெரு வழியாக நடக்க வேண்டும். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் அங்கே காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது எழுபது வயது, சர்க்கரை வியாதி வேறு. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஒனக்குச் சின்ன வயசுலேருந்தே கூச்சந்தானே. நான் எடுக்கிறேன். ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். பேத்திக்காக விரதம் இருந்து, வெறுங்காலோடு நடந்தார். நான் ஊர்வலத்துக்குப் பின்னால் காரில் வந்தேன்.

மூன்று வருடமும் அப்படித்தான். மூன்றாம் வருடம், கூட நடந்த ஓர் அக்கா, "என்னா அத்தே, மகன் ஏர்கோன் கார்ல வர்றாரா?" என்று சிரித்தார். "அவன் ரெண்டு சிப்டு பாத்துட்டு வந்திருக்கான் லா. நான்தான் வேணாம்னு சொன்னேன்" என்றார் அம்மா. அன்று எனக்கு விடுமுறை. காதில் விழுந்தது. நான் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

அன்றைக்குத் தார் ரோடு கொதித்தது. அம்மாவின் பாதம் வெந்துபோனது. சர்க்கரையால் மரத்துப்போன காலுக்கு அது தெரியவில்லை. தெரிந்த பிறகும் எங்களிடம் சொல்லாமல் காலுறை போட்டு மறைத்தார். புண்ணின் வாடையை வைத்துக் கவிதாதான் கண்டுபிடித்தாள். பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். அதே மருத்துவமனை. அதே இடத்தில் போய் நின்றேன். இந்த முறை எதையும் தருவதாகச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் ஏது? என்னை மன்னித்து அம்மாவின் காலைக் காப்பாற்று என்று மட்டும் கேட்டேன். இரண்டு விரல்களோடு போயிற்று. பாதம் பிழைத்தது.

இந்த வருட ஆடியில் நான் பால்குடம் எடுத்தேன். வேண்டுதல்தான் தீர்ந்துவிட்டதே என்றார் அம்மா. தீர்த்தது நீங்கள்தானே என்றேன். கவிதாவும் ஒரு குடம் எடுத்து என் பக்கத்தில் நடந்தாள். காப்பிக் கடை வந்தது. தலையைக் குனிந்துகொள்ளலாம் என்றால் முடியவில்லை, தலையில் குடம் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. என்னோடு வேலை செய்யும் ஒருவர் எழுந்து வந்து, என் காலுக்கு முன்னால் ரோட்டில் தண்ணீர் ஊற்றினார். அம்மா நடந்த மூன்று வருடமும் நான் இறங்கி வந்து அதைக்கூடச் செய்யவில்லை.

கோயில் வாசலில் சக்கர நாற்காலியில் அம்மா காத்திருந்தார்.

"பால் சிந்துச்சாய்யா?"

"கொஞ்சம் சிந்திருச்சிம்மா."

"பரவால்ல. எனக்கும் மொத வருசம் சிந்துச்சி."

மகளும் இருக்கிறாள், அம்மாவும் இருக்கிறார். இரண்டும் மாரியம்மன் கொடுத்தது. நீங்களும் நம்பிக் கேளுங்கள், கட்டாயம் கொடுப்பாள். கொடுத்த பிறகு கூச்சப்பட்டு ஒதுங்காதீர்கள், நீங்களே போய்ச் சுமந்துவிடுங்கள். காலையில் அம்மாவின் காலைக் கழுவி மருந்து போடுவது இப்போது என் வேலை. விரல்கள் இருந்த இடத்துக்கு வரும்போது என் கை நின்றுவிடுகிறது. அம்மா மட்டும், "வேலைக்கு நேரமாச்சில்ல, கெளம்பு" என்கிறார்.