விளையாட்டுக்குள் ஒரு கடைமடை

2025 அக்டோபர் 9, வியாழக்கிழமை. காலையில் வழக்கம்போல் வயலுக்குப் போனேன். நடவு முடிந்த சம்பா வயலில் தண்ணீர் அளவாக நின்றது. மடையை அடைத்திருந்த செத்தையை எடுத்துப் போட்டுவிட்டு, தஞ்சாவூரில் உரம் வாங்கும் வேலையையும் முடித்துக்கொண்டு மதியம் வீடு வந்தேன். சாப்பாடு, சற்றுத் தூக்கம். பிறகு லேப்டாப்பில், மகள் ஆடிப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்த விளையாட்டு.

மகள் சென்னையில் வீடியோ கேம் உருவாக்கும் ஒரு சிறு குழுவில் வேலை செய்கிறாள். நாயகன் ஊர் ஊராகப் போய் அரக்கர்களோடு சண்டையிடும் கதை. அவனிடம் ஒரு தீய சக்தி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சித் தன் காயத்தை ஆற்றிக்கொள்வான். அது மகளின் யோசனை. அழுத்துகிறவருக்கு மனம் உறுத்த வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் ஆடிப் பார்த்த யாருக்கும் உறுத்தவில்லை. மறுநாள் கூட்டத்துக்குள் அவள் ஒரு வழி சொல்லாவிட்டால் அந்தச் சக்தியையே நீக்கிவிடுவதென்று குழுவில் முடிவாகியிருந்தது. அதை உருவாக்க மாதக்கணக்கில் உழைத்திருந்தாள்.

சாயங்காலம் ஃபோன் செய்தாள். "அப்பா, உண்மையைச் சொல்லுங்க. எப்பல்லாம் உறிஞ்சினீங்க?"

"காயம் பட்டப்பல்லாம்."

"உறிஞ்சுறப்பல்லாம் நாயகன் முகம் கறுத்துச்சே, பாக்கலையா? பாயின்ட்டு வேற குறையும்."

"வெயில்ல நின்னா எனக்கும்தான் கறுக்குது. பாயின்ட்டு போனா போவட்டும்னு விட்டுட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி குறுக்கே புகுந்தாள்.

"உங்கப்பா தலைமடைக்காரரு. தண்ணிய எடுத்துட்டு, எடுத்த எடத்துலயே நின்னு, ஒண்ணும் ஆகலியேன்னு பாப்பாரு. எங்க குறையுதுன்னு இவருக்கு என்ன தெரியும்?"

எங்கள் வயல் வாய்க்கால் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மனைவி பிறந்தது அதிராம்பட்டினம் பக்கம். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குத்தல் உண்டு.

"அப்ப கடைசி ஊரைக் காய வச்சிடவாம்மா? அங்க போனா எல்லாரும் நாயகனைத் திட்டுற மாதிரி?"

"யாரு எடுத்தான்னு தெரிஞ்சாத்தானேடி திட்டுறதுக்கு! வாளும் கையுமா ஒரு ஆளு வந்தா, உக்கார வச்சு, தண்ணி குடுத்து, ஆத்துத் தண்ணி ஏன் வரலைன்னு நீங்க கொஞ்சம் விசாரிங்கன்னு அவன்கிட்டயே சொல்லுவாங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கப்பா உங்கப்பாகிட்ட அதைத்தான் கேட்டாரு. இவரு, 'கேக்குறேங்க'ன்னு தலையாட்டிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கிட்டாரு."

எனக்கு அது அடியோடு மறந்து போயிருந்தது. மறுமுனையில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது.

"ஹலோ?" என்றேன்.

"இருங்கப்பா. எழுதிக்கிட்டிருக்கேன். அம்மா, அந்தக் கடைசில சொன்னதை இன்னொரு தடவை சொல்லு."

இரண்டாம் முறை சொன்னபோது பஜ்ஜி இரண்டாகியிருந்தது. நான் மறுக்கவில்லை. இத்தனை வருடம் வெறும் சீண்டலென்று கேட்டுவந்த பேச்சுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. அது என் மகளுக்குப் பயன்பட்டது. மனைவிக்கு நன்றி என்று வாயால் சொல்லிப் பழக்கமில்லை. மிச்சக் கீரையை வாங்கி நான் ஆய்ந்தேன்.

"முத்தல் தண்டைச் சேத்துப் போடாதீங்க" என்றாள்.

மறுநாள் எழுந்ததும், பல்கூட விளக்காமல், மகள் மாற்றி அனுப்பியிருந்த விளையாட்டைத் திறந்தேன். என் நாயகனைக் கடைசி ஊர்வரை நடத்திப் போனேன். வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு பெண் சொம்பில் இருந்த கொஞ்சம் தண்ணீரை நீட்டி, ஆறு ஏன் வரவில்லையென்று மேலே போகும்போது விசாரித்து வரச் சொன்னாள். திரையில் இரண்டு பதில்கள் இருந்தன: 'கேட்கிறேன்', 'நான்தான் எடுத்தேன்'. இரண்டில் எதையும் அழுத்த விரல் போகவில்லை. அப்படியே வைத்துவிட்டு, கூட்டம் தொடங்குமுன் போய்ச் சேரட்டும் என்று மகளுக்கு எழுதினேன்: "உறுத்துதும்மா. நான் சொன்னேன்னே சொல்லு."